மெழுகுக்கு மருந்து

காந்தம்மாவுக்குத் தன் கொழுந்தனைக் கண்டால் ஆகாது. அது ஊரறிந்த விஷயம். ஊர் என்றால் அவள் வீடும், அவள் வேலை பார்த்த எண்ணெய்க் குழாய் நிறுவனமும். இரண்டு இடத்திலும் அவள் வாய்க்குப் பயந்தவர்கள் அதிகம்.

காந்தம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவள் பொறுப்பில் ஒரு காந்தக் கருவி இருந்தது. பக்கத்தில் போனால் கைக்கடிகாரம் நின்றுவிடும் என்று யாரோ கதை கட்டிவிட, அந்தப் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. காந்த அதிர்வில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். புகுந்த வீட்டில் அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த மரியாதை, தலைவலி வந்தால் மாமியார் "நீதான் டாக்டராச்சே, ஒரு மாத்திரை சொல்லேன்" என்று கேட்பதோடு சரி. கணவன் பல் டாக்டர். நாளெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவன், வீட்டில் சாப்பிடுவதற்கு மட்டும் தன் வாயைத் திறப்பான்.

கொழுந்தனை வீட்டில் சின்னவன் என்றார்கள். எந்தத் தொழிலிலும் அவன் நிலைத்ததில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றான். வாங்கியவர்கள் வீட்டில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. வழுக்கையில் முடி முளைக்கும் தைலம் விற்றான். அவன் மண்டையைப் பார்த்த பிறகும் அதை வாங்கிய நல்ல உள்ளங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் படுத்தபோதும் மாமியார், "பிள்ளைக்கு நேரம் சரியில்லை" என்றார். காந்தம்மாவுக்கு நேரத்தின்மேல் எந்தப் புகாரும் இல்லை.

ஒரு விடுமுறை நாளில், தனியாகக் குடியிருந்த சின்னவன் காந்தம்மா வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். யாரையும் கேட்காமல் முதல் நாளே உள்ளே வைத்திருக்கிறான். காலையில் இருந்து வெண்ணெயில் ஏன் பெட்ரோல் பங்க் வாசனை அடிக்கிறது என்று காந்தம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்ணி, இங்க பாருங்க. ரெண்டும் உங்க குழாய்ல ஓடுற அதே கச்சா எண்ணெய். இதுல ஒண்ணும் சேர்க்கல." முதல் குப்பியைக் கவிழ்த்தான். கறுப்பு எண்ணெய் உறைந்துபோய் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "இதுல மருந்து விட்டிருக்கேன்." இரண்டாவதைச் சாய்த்தான். எண்ணெய் தளதளவென்று வாய்ப்பக்கம் ஓடிவந்தது.

"அதிசயமா இருக்கேடா!" என்றார் மாமியார்.

"தைலத்தைப் பார்த்தும் இதையேதான் சொன்னீங்க, அத்தை."

"இது வேற அண்ணி. பெரிய கம்பெனிச் சரக்கு. நான் ஏஜென்சி எடுத்திருக்கேன். குளிர்ல உங்க எண்ணெயில மெழுகு கட்டிக்குதுல்ல, அதுக்கு இதுதான் மருந்து."

"பாதிக் குப்பி டீசலா, முக்கால் குப்பியா?"

சின்னவனின் முகம் சுருங்கிவிட்டது. பல் டாக்டர் தட்டை உற்றுப் பார்த்தான். மாமியார்தான் விடவில்லை. "உன் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா நீ என்ன குறைஞ்சா போயிடுவே?"

"நான் குறைய மாட்டேன் அத்தை. ஆபீஸ்ல இருக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க, அவ்வளவுதான்."

அத்தோடு அது முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர்கள் நிறுவனத்தின் வேலை, எண்ணெய் வயலில் இருந்து கச்சா எண்ணெயை நிலத்தடிக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புவது. வழியில் ஒரு குளிர்ந்த மலைக் கணவாய். அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். கணவாயில் குளிர்ந்ததும் மெழுகு கட்டியாகி, குழாயின் உட்சுவரில் படியும். அதை வழிக்க, குழாயின் விட்டத்துக்கு ரப்பர் தட்டுகள் பொருத்திய சுரண்டி ஒன்றை எண்ணெயோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அது சுவரை வழித்துக்கொண்டே மறுமுனைக்குப் போய்ச் சேரும். சுரண்டி ஓடும் நாட்களில் எண்ணெயை மெதுவாகத்தான் அனுப்ப முடியும். மெதுவாக என்ற வார்த்தையே பொது மேலாளருக்குப் பிடிக்காது.

பொது மேலாளருக்கு ரிப்பன் என்று பட்டப்பெயர். திறப்பு விழா என்றால் உயிரை விடுவார். கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டபோதுகூட ரிப்பன் வெட்டியவர். காந்தக் கருவி வந்த அன்று பெரிய விழா எடுத்தார். அதன் பிறகு விருந்தாளிகள் வந்தால் கூட்டி வந்து, "இது காந்தம். உள்ளே எண்ணெய். வெளியே ரிப்போர்ட்" என்பார். கருவியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. ரிப்போர்ட்டை அவர் படித்ததில்லை.

கருவி செய்த வேலை என்னவோ அழகான வேலை. எண்ணெயில் கோடானுகோடி ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. எண்ணெயைக் காந்தத்துக்கு நடுவில் வைத்து, ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் அவை பதில் குரல் கொடுக்கும். திரவமாக அலைந்துகொண்டிருப்பவற்றின் குரல் மெல்ல மெல்ல அடங்கும். கட்டியாக இறுகிப்போனவற்றின் குரல் சட்டென்று செத்துவிடும். எவ்வளவு சட்டென்று அடங்கியது, எவ்வளவு மெல்ல அடங்கியது என்று பிரித்துப் பார்த்தால், எண்ணெயில் எத்தனை பங்கு மெழுகாகக் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். கச்சா எண்ணெய் தார் மாதிரிக் கறுப்பு. கண்ணால் பார்த்து ஒன்றும் ஆகாது. காந்தத்துக்குக் கறுப்பும் ஒன்றுதான், வெளுப்பும் ஒன்றுதான். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்து, முதல் மெழுகுத் துகள் உருவாகும் இடத்தைக் காந்தம்மா பிடித்துவிடுவாள். மனிதர்களிடம் இல்லாத பொறுமை அவளுக்கு அந்தக் குரல்களிடம் இருந்தது.

ஒரு நாள் ரிப்பன் கூப்பிட்டனுப்பினார். போனால், அவர் அறையில் சின்னவன் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். மேஜைமேல் அதே இரண்டு குப்பிகள்.

"வாங்க காந்தம்மா. இப்படி ஒரு ரத்தினத்தை வீட்டுக்குள்ளேயே வெச்சுக்கிட்டுச் சொல்லவே இல்லையே!"

"சார், இவர் என் வீட்டுக்காரரோட தம்பி. இவர் கொண்டுவந்த சரக்கை நான் சோதிக்கிறது முறை இல்ல. வெளியில கொடுத்துப் பார்க்கலாம்."

"அட, வீட்டு ஆள்னா இன்னும் அக்கறையாப் பார்ப்பீங்க."

"அண்ணி நேர்மையானவங்க சார்," என்றான் சின்னவன். பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுவது போல அவ்வளவு பவ்யம்.

முறையில்லை என்று அவள் ஒரு தடவைதான் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சின்னவனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பு தட்டில் வைத்து நீட்டப்பட்டிருக்கிறது. அதை வேண்டாமென்று சொல்ல அவள் என்ன சாமியாரா?

மருந்து விட்ட எண்ணெயையும் விடாத எண்ணெயையும் கருவியில் வைத்துக் குளிரவைத்தாள். இரண்டிலும் மெழுகு ஒரே இடத்தில் கட்டத் தொடங்கியது. ஒரே அளவில் கூடியது. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. திரும்பத் திரும்பச் செய்தாள். அதே கோடுகள். மருந்து விட்டும் மெழுகில் ஒரு துளிகூடக் குறையவில்லை.

காந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். மெழுகின் அளவைக் குறைக்காமல் அதன் உருவத்தை மட்டும் மாற்றுகிற மருந்துகள் உலகத்தில் உண்டு என்பது அவள் பாடத்தில் படித்ததுதான். அப்படி ஒன்று சின்னவன் கையில் இருக்கக்கூடும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. சின்னவன் கை என்றால் அதில் பித்தலாட்டம்தான் இருக்கும்.

கூட்டம் ரிப்பனின் பெரிய அறையில் நடந்தது. நீள மேஜை, சுற்றிலும் பொறியாளர்கள், எல்லோர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர்ப் பாட்டில்கள். காந்தம்மா திரையில் இரண்டு கோடுகளையும் காட்டினாள்.

"இது ரெண்டு கோடு. ஒண்ணா இருக்கிற மாதிரித் தெரியுதா? ஏன்னா ஒண்ணுதான். மருந்து விட்டாலும் அதே மெழுகு, விடாட்டியும் அதே மெழுகு. இது மருந்து இல்ல, கலர் தண்ணி. இதுக்கு முன்னாடி இவர் வித்த தைலத்தை விட்டிருந்தாலும் இதே ரிசல்ட்தான் வந்திருக்கும்."

சிலர் சிரித்தார்கள். சின்னவனின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "குப்பியில ஓடுதேன்னு கேக்காதீங்க. டீசல் கலந்தா தாரும்தான் ஓடும்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

சின்னவன் எழுந்தான். "அண்ணி, நான் ஒண்ணும் தொடல. உங்க லேப் எண்ணெய், உங்க குப்பி. நீங்களே உங்க கையால விடுங்க."

செய்தார்கள். அவள் கையாலேயே விட்டாள். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவள் பையிலேயே போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் மறுபடி கூடியபோது அவளே எடுத்து வந்து கவிழ்த்தாள். மருந்து விடாத எண்ணெய் அசையவில்லை. மருந்து விட்டது குபுக்கென்று ஓடி மேஜைவிரிப்பை நனைத்தது. அறை முழுக்கச் சிரிப்பு. ரிப்பன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கலர் தண்ணி நல்லாத்தான் ஓடுது, காந்தம்மா!"

ஆர்டர் சின்னவனுக்குப் போனது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவளைப் பார்த்தபோது மட்டும் மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் கரிசனம்தான் தாங்க முடியாததாக இருந்தது. படுக்கப் போகும்போது பல் டாக்டர் அதிசயமாகப் பேசினான்.

"தைலத்தை ஏன் இழுத்தே?"

அவள் விளக்கை அணைத்தாள்.

மறுநாளே அவள் இரண்டு எண்ணெயையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ரோஷம்தான் காரணம், அறிவுத் தாகம் ஒன்றும் இல்லை. மருந்து விடாததில் மெழுகு, தட்டுத் தட்டாக வளர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எண்ணெயைச் சிறைபிடித்து வைத்திருந்தது. மருந்து விட்டதில் அதே அளவு மெழுகு குட்டிக் குட்டி உருண்டைகளாகத் தனித்தனியே மிதந்தது. அதனால்தான் ஓடுகிறது. காந்தம் பொய் சொல்லவில்லை. எவ்வளவு மெழுகு என்று கேட்டாள், அது சொன்னது. அந்த மெழுகு ஓடவிடுமா, விடாதா என்று அவள் கேட்கவே இல்லை.

உடனே அடுத்த விஷயமும் உறைத்தது. மெழுகு எங்கேயும் போய்விடவில்லை. எண்ணெய் ஓடும், ஆனால் கணவாயில் குளிர்ந்த சுவரில் மெழுகு படிவது நிற்காது. சுரண்டி இல்லாமல் ஆகாது.

ரிப்பனிடம் ஓடினாள். அவர் அதற்குள் சுரண்டியை நிறுத்திவைக்க உத்தரவு போட்டுவிட்டிருந்தார். மருந்து விற்றவரே சுரண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"சார், நான் சொன்னது தப்பு. மருந்து வேலை செய்யுது. ஆனா..."

"அப்பாடா, ஒத்துக்கிட்டீங்க!"

"ஆனா சுவர்ல படியறதை அது முழுசா நிறுத்தாது. சுரண்டியை நிறுத்தாதீங்க."

ரிப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நேத்து வேலையே செய்யாதுன்னீங்க. இப்போ செய்யும், ஆனா ஆபத்துங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க? அவர்மேல உங்களுக்கு என்ன கோபமோ, அதை வீட்டுல பேசித் தீர்த்துக்குங்க."

பொறியாளர்களிடம் போனாள். அவர்கள் தலையாட்டினார்கள். அவள் பேசினாலும் தலையாட்டுவார்கள், ரிப்பன் பேசினாலும் தலையாட்டுவார்கள். கழுத்தை அதற்காகவே வைத்திருந்தார்கள். மிஞ்சியது ஒரே ஆள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சின்னவன் வீட்டுப் படியேறினாள். புதுச் சோபா வந்திருந்தது. மேலிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

"சுரண்ட வேண்டாம்னு உன் கம்பெனி சொல்லிச்சா?"

அவன் உறையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "கம்பெனி சொல்லல அண்ணி. நானாத்தான் சேர்த்துச் சொன்னேன். எண்ணெய் ஓடும்னு சொன்னப்போ ரிப்பன் கொட்டாவி விட்டாரு. சுரண்ட வேண்டாம்னதும் நிமிர்ந்து உக்காந்துட்டாரு."

"நாளைக்கே போய் மாத்திச் சொல்லு."

"எப்படி அண்ணி சொல்றது? கலர் தண்ணின்னு நீங்க சொன்னதை நான் பொய்யாக்கிட்டேன். இப்போ நான் சொன்னதையும் நானே பொய்யாக்கவா?"

அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். கேட்டதில் மனசு ஆறியது. குழாய்க்குள் ஒன்றும் மாறவில்லை.

குளிர்காலம் வந்தது. எண்ணெய் ஓடியது. ரிப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். ஆனால் அதே எண்ணெயைத் தள்ள, பம்புகளுக்கு நாளுக்கு நாள் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. காந்தம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "பம்பு பழசாயிடுச்சு" என்றார்கள். புதுப் பம்பு வாங்கினார்கள். அதற்கும் ரிப்பன் வெட்டினார்கள். அழுத்தம் எல்லை தாண்டிய பிறகு பயந்துபோய்ச் சுரண்டியை உள்ளே விட்டார்கள். முன்பே விட்டிருந்தால் மெல்லிய படலத்தை வழித்துக்கொண்டு போயிருக்கும். இப்போது அது வழித்த மெழுகெல்லாம் முன்னால் குவிந்து அடைத்துக்கொள்ள, கணவாய் நடுவில் சிக்கி நின்றுவிட்டது. குழாய் மொத்தமாக அடைபட்டுவிட்டது. எண்ணெய் வயலில் கிணறுகளை மூடினார்கள்.

பனியில் மண்ணைத் தோண்டிக் குழாயை அறுத்தபோது காந்தம்மா பக்கத்தில் நின்றாள். உள்ளே கறுப்பு மெழுகு, கையை வைத்தால் பள்ளம் விழும் பதத்தில், விளிம்பு வரை இருந்தது. சொன்னேனே என்று கத்தத் தோன்றியது. குழாய் அறுக்கும் ஆட்களுக்குக் கை விறைத்துப்போயிருந்தது. அவர்களிடம் கத்தி என்ன பயன்?

தலைமையகத்தில் இருந்து மூன்று பேர் விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும் சின்னவன் அவள் வீட்டுச் சமையலறைக்கே வந்து நின்றான். கண் உள்ளே போயிருந்தது. "எல்லாத்தையும் மருந்து தலையில கட்டப் போறாங்க அண்ணி. ரிப்பன் சொல்லிட்டாரு. நீங்க பழைய ரிப்போர்ட்டைக் காட்டினா நான் காலி."

"காட்டத்தான் போறேன்."

"அண்ணி..."

"முழுசாக் காட்டுவேன். உனக்காக ஒரு வரி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். போ."

விசாரணையில் அவள் சொன்னபடியே சொன்னாள். மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைக் கலர் தண்ணீர் என்று நான் சொன்னது தவறு. மெழுகின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, விற்றவர்மேல் இருந்த இளக்காரத்தில் அவசரப்பட்டுப் பேசினேன். சுரண்டியை நிறுத்தியதுதான் விபத்துக்குக் காரணம். நிறுத்தலாம் என்று சொன்னவர் மருந்து விற்றவர், நிறுத்தியவர் பொது மேலாளர், கூடாது என்று எச்சரித்தது நான்.

மூன்று பேரும் கவனமாகக் கேட்டார்கள். அதாவது, அவள் தன் தவறைச் சொன்ன பகுதியைக் கவனமாகக் கேட்டார்கள். மற்றதைச் சொன்னபோது அதில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார், இன்னொருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். கடைசியில் வந்த முடிவு இதுதான்: மருந்தில் குறையில்லை. நிர்வாகம் கிடைத்த தகவலின்படி நடந்துகொண்டது. ஆய்வுக்கூடம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதால் குழப்பம் ஏற்பட்டது.

தவறு செய்த மூன்று பேரில் அதை வாயால் ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அதனால் தவறு அவளுடையது என்று ஆகிவிட்டது. அவளுக்கு எச்சரிக்கை வந்தது. ரிப்பனுக்குத் தலைமையகத்தில் பெரிய பதவி வந்தது. அங்கே கதவுகள் அதிகம்.

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளையைக் காப்பாத்திட்டியேம்மா."

"நான் அவனைக் காப்பாத்தல அத்தை. உண்மையைச் சொன்னேன். அதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு அவனும் கரையேறிட்டான்."

புதுப் பொது மேலாளர் வந்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். தனக்கென்று ஒரு கருத்தும் இல்லாதவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மருந்தையும் விடுவது, சுரண்டியையும் ஓட்டுவது, எப்போது ஓட்டுவது என்பதைக் காந்தக் கருவியைப் பார்த்துச் சொல்வது என்று காந்தம்மா திட்டம் கொடுத்தாள். வேறு திட்டம் யாரிடமும் இல்லாததால் அவர் கையெழுத்துப் போட்டார்.

குழாயைச் சரிசெய்த பிறகு முதல் சுரண்டி மறுமுனையில் வெளியே வந்த நாளில் புது மேலாளரும் பார்க்க வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் ஆட்கள் சுரண்டியை இழுத்து வெளியே போட்டார்கள். அதன் முன்னால் கறுப்பு மெழுகு கூழ் மாதிரிக் கொஞ்சம் வந்தது. மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது நிறையவா, கம்மியா?"

"சரியா நான் எதிர்பார்த்த அளவு சார். இப்படியே ஓட்டினா அடைக்காது."

அவர் யோசித்தார். "எதுக்கும் அந்த மருந்துக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமா? அவருக்குத்தான் இதுல அனுபவம்."

காந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, சின்னவன் எண்ணைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை நீட்டினாள். மேலாளர் மெழுகின் அளவைச் சொல்லி, போதுமா என்று கேட்டார்.

அந்தப் பக்கம் இருந்து சின்னவனின் குரல் வந்தது.

"அதை ஏன் சார் என்கிட்ட கேக்கிறீங்க? எனக்கென்ன தெரியும், நான் விக்கிறவன். பக்கத்துல அண்ணி இருப்பாங்களே, அவங்களைக் கேளுங்க."

மேலாளர் போனைப் பார்த்தார். அப்புறம் காந்தம்மாவைப் பார்த்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார், முதல்முறை கேட்பது போல.